சுமை தூக்கும்போது தோள்பட்டை எலும்பும் கையும்: முழுமையான வழிகாட்டி

"தோளைப் பின்னால் இழு, கீழே இறக்கு, அப்படியே இறுக்கிப் பிடி." ஜிம் பக்கம் போன எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பென்ச் பிரஸ் செய்யும்போது நல்ல அறிவுரைதான். ஆனால் தலைக்கு மேல் எடை தூக்கும்போதும் இதையே பிடித்துக்கொண்டால், நகர வேண்டிய ஓர் எலும்பை நாமே கட்டிப்போட்டுவிட்டு, அது செய்ய வேண்டிய வேலையையும் தோள் மூட்டின் மேலேயே சுமத்துகிறோம். தோள்பட்டை எலும்பு எப்போது நகர வேண்டும், எப்போது அசையாமல் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: கை போகும் திசை, கையில் இருக்கும் சுமை. எல்லாப் பயிற்சிக்கும் பொருந்துகிற ஒரே தோள் நிலை என்று எதுவும் கிடையாது. அதை நீங்களே தொட்டுப் பார்த்து, வீடியோ எடுத்துப் பார்த்து, அப்புறம் எடை கூட்டுவது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோள்பட்டை எலும்பு முதுகின் மேல்பகுதியில், ஏறத்தாழ இரண்டாவது விலா எலும்பிலிருந்து ஏழாவது விலா எலும்பு வரை, முக்கோணமாகப் படிந்து கிடக்கிறது. அதற்கும் விலாக்கூட்டுக்கும் நடுவில் எலும்போடு எலும்பு சேரும் மூட்டு இல்லை, தசை மட்டும்தான். முன்பக்கம் காறை எலும்பு வழியாக மார்பெலும்பின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன மூட்டு இருக்கிறதே, முழுக் கையும் உடலின் எலும்புக்கூட்டோடு சேர்வது அந்த ஓர் இடத்தில்தான். மற்ற எல்லாப் பிடிப்பும் தசைகளுடையது.

இந்த முக்கோணத்தின் வெளி ஓரத்தில் ஆழமில்லாத ஒரு குழி. மேற்கை எலும்பின் உருண்டையான தலை அதில் வந்து உட்கார்கிறது. உட்கார்கிறது என்றாலும், எந்த நேரத்திலும் அந்த உருண்டையின் பரப்பில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது நழுவாமல் குழியின் நடுவில் அழுத்திப் பிடிப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறிய தசைகள். இந்த நான்குமே தோள்பட்டை எலும்பிலிருந்துதான் புறப்படுகின்றன. கையைத் தூக்கும் பெரிய தசையான டெல்டாய்டின் பெரும்பகுதியும் அங்கிருந்துதான். ஆக, கையைத் தூக்குகிற தசைகள் கால் ஊன்றி நிற்கும் தளமே நகரக்கூடிய ஓர் எலும்பு. அந்தத் தளம் சரியான நேரத்தில் சரியான அளவு திரும்பினால் குழி கையின் பின்னாலேயே போய்த் தாங்கும், தசைகளும் அதிகம் சுருங்கிப்போகாமல் இழுக்கத் தோதான நீளத்திலேயே இருக்கும்.

படி 2: சுமை இல்லாமல் கையைத் தூக்கிப் பாருங்கள்

ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் கையைப் பக்கவாட்டில், ஆனால் உடலுக்கு நேர் பக்கமாக இல்லாமல் 30 டிகிரி அளவு முன்னால் தள்ளி, கட்டைவிரல் மேலே பார்க்க, மெதுவாகத் தலைக்கு மேல் கொண்டு போங்கள். ஏன் 30 டிகிரி என்றால் தோள்பட்டை எலும்பு நேராக இல்லாமல் விலாக்கூட்டின் வளைவோடு சற்று முன்னோக்கித்தான் படிந்திருக்கிறது. அந்தத் தளத்தில் தூக்கினால் குழியும் கையும் ஒரே கோட்டில் இருக்கும்.

ஆரம்பத்தில் விரலுக்கடியில் பெரிய அசைவு தெரியாது. கை கொஞ்சம் உயர்ந்த பிறகு கீழ் முனை வெளிப்பக்கமாக, விலாவைச் சுற்றி அக்குளை நோக்கி நகரும். கை உச்சிக்குப் போகும்போது அது உடலின் பக்கவாட்டுக்கே வந்திருக்கும். இதுதான் மேல்நோக்கிய சுழற்சி. கூடவே இன்னொன்றும் நடக்கும்: எலும்பின் மேல் பகுதி பின்னால் சாய்ந்து, கீழ் முனை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் தூக்கும்போது மேற்கை எலும்பும் தன் அச்சில் வெளிப்பக்கம் திரும்பியாக வேண்டும். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும் என்று சொன்னது அதற்காகத்தான்.

கையும் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து நகரும் இந்த ஒத்திசைவை ஸ்கேபுலோஹியூமரல் ரிதம் என்று அழைத்தவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1934இல். பத்து வருடம் கழித்து 1944இல் இன்மன், சாண்டர்ஸ், அபாட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு எண் கொடுத்தார்கள்: கை தோள் மூட்டில் 2 டிகிரி நகர்ந்தால் தோள்பட்டை எலும்பு 1 டிகிரி சுழலும், அதாவது 180 டிகிரி உயர்வில் 120 மூட்டிலும் 60 தோள்பட்டை எலும்பிலும். இந்த 2:1 இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மொத்தக் கணக்காக எடுத்துக்கொண்டால் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு டிகிரிக்கும் இதே விகிதம் ஓடும் என்று நினைத்தால் தப்பு. ஆளுக்கு ஆள் மாறும், உயரத்துக்கு உயரம் மாறும், சுமைக்கும் மாறும்.

சுழற்றுவது யார்? மூன்று தசைப் பகுதிகள் ஒரே நேரத்தில் மூன்று திசையில் இழுக்கின்றன. கழுத்திலிருந்து நடு முதுகு வரை விரியும் டிரபீசியஸ் தசையின் மேல்பகுதி தோளின் வெளி முனையை மேலே இழுக்கிறது, அதன் கீழ்ப்பகுதி உள் ஓரத்தைக் கீழே பிடிக்கிறது, விலாக்களிலிருந்து வரும் செரட்டஸ் ஆன்டீரியர் கீழ் முனையை முன்னால் இழுக்கிறது. இதில் செரட்டஸ்தான் எனக்கு முக்கியமாகப் படுவது. பல பேர் இந்தத் தசையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அது ஓய்ந்தால் தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் முதுகிலிருந்து இறக்கை மாதிரி எழுந்து நிற்கும்.

இதே படியில் இன்னொரு சோதனை. நன்றாகக் கூன் போட்டு உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்குங்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி தூக்குங்கள். வித்தியாசம் உடனே தெரியும். மேல் முதுகு வளைந்திருந்தால் தோள்பட்டை எலும்பு முன்னால் கவிழ்ந்தே இருக்கும், பின்னால் சாய இடம் கிடைக்காது. தலைக்கு மேல் கை முழுதாகப் போகவில்லை என்று தோளையே நீவிக்கொண்டிருப்பவர்கள் முதலில் முதுகைப் பார்க்க வேண்டும்.

படி 3: கையில் எடை வந்தால் கணக்கு எப்படி மாறுகிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்ற படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு 3.5 கிலோ. கையை நேராக நீட்டிக் கிடைமட்டமாகப் பிடித்தால் அந்த எடை தோளிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளி, முழங்கைக்குப் பக்கத்தில், செயல்படுவதாக எடுத்துக்கொள்ளலாம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் தோளைக் கீழே திருப்பும் விசை: 3.5 × 30 = 105. இப்போது உள்ளங்கையில் வெறும் 2 கிலோ டம்பெல். அது தோளிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 2 × 60 = 120. கையை விட எடை குறைந்த ஒரு டம்பெல், கை முழுவதும் சேர்ந்து தோளுக்குக் கொடுத்ததை விட அதிகமான திருப்புவிசையைக் கொடுக்கிறது! மொத்தம் 225. இதை எதிர்த்து இழுக்கும் தசைகளோ மூட்டின் மையத்திலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தூரத்தில்தான் இழுக்கின்றன. 3 செ.மீ. என்று வைத்தால்கூட 225 ÷ 3 = 75. அதாவது 2 கிலோவைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கத் தோள் தசைகள் 75 கிலோவுக்கு நிகரான விசையில் இழுக்கின்றன. தோராயக் கணக்குதான், ஆனால் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியில் 2 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குத் தாவுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கு இது போதும்.

முழங்கையை மடக்கி எடையைத் தோளுக்கு அருகில் கொண்டு வந்தால் தூரம் பாதியாகும், சுமையின் தாக்கமும் பாதியாகும். அதனால்தான் எடையைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 10 கிலோவைத் தாராளமாகத் தூக்குபவர் அதே எடையைக் கை நீட்டித் தூக்க முடியாமல் திணறுகிறார். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காமல், எத்தனை கிலோ எவ்வளவு தூரத்தில் என்று கேட்டுப் பழகுங்கள்.

இனி தோள்பட்டை எலும்பு இதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்போம். 1998இல் மெக்வேட், ஸ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். வேறொருவர் கையைத் தூக்கிவிடும்போது, தசைகள் சும்மா இருப்பதால், ஆரம்பத்தில் விகிதம் கிட்டத்தட்ட 8:1. அதாவது கை மட்டும் போகிறது, தோள்பட்டை எலும்பு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மேலே போகப் போகத்தான் அது 2:1க்கு வருகிறது. லேசான எதிர்ப்போடு தானே தூக்கினால் ஆரம்பத்தில் சுமார் 3:1. பெரும் எதிர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் ஆரம்பமே 2:1க்குச் சற்றுக் கீழே, உச்சியில் 4.5:1. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது! கனமான சுமை வரும்போது தோள்பட்டை எலும்பு முதலிலேயே வேலையில் இறங்குகிறது, மேலே போன பிறகு கை தன் பங்கை அதிகம் செய்கிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம், "முதல் 30 டிகிரிக்குத் தோள்பட்டை அசையவே கூடாது" என்று சொல்லிக்கொடுப்பது கனமான சுமைக்குப் பொருந்தாது என்பதுதான். சுமை வந்ததும் உடலே தளத்தை முன்கூட்டித் திருப்பிக்கொள்கிறது. மற்ற ஆய்வுகளில் எண்கள் ஒரே மாதிரி இல்லை, லேசான எடைக்கு விகிதம் பெரிதாக மாறவில்லை என்று கண்டவர்களும் உண்டு. ஆகவே இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு கோணமானியோடு நிற்க வேண்டாம், போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

களைப்பும் இதே மாதிரி ஒரு சுமைதான். எட்டாவது முறையில் ஒழுங்காக இருந்த அசைவு பன்னிரண்டாவதில் மாறுவதைப் பார்க்கலாம்: தோள் காதை நோக்கி முன்கூட்டியே எழும்பும், உடல் எதிர்ப்பக்கம் சாயும். சோர்ந்துபோன தசைகளின் பங்கை வேறு வழியில் ஈடு செய்யும் முயற்சி அது.

படி 4: உங்கள் அசைவை எடையோடு வீடியோ எடுங்கள்

சட்டையைக் கழற்றிவிட்டு, அல்லது முதுகு தெரியும்படியான உடையில், கேமராவைப் பின்னால் தோள் உயரத்தில் வைத்துவிட்டு நில்லுங்கள். பிசியோதெரபிஸ்ட்கள் பயன்படுத்தும் ஒரு சோதனையில் 68 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்களுக்குக் கைக்கு 1.4 கிலோ, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 2.3 கிலோ கொடுத்து, ஐந்து முறை முன்பக்கமாகவும் ஐந்து முறை பக்கவாட்டிலும் தூக்கி இறக்கச் சொல்வார்கள். நீங்கள் 1.5 அல்லது 2 கிலோ வைத்துக்கொண்டால் போதும். மூன்று எண்ணிக்கையில் மேலே, மூன்று எண்ணிக்கையில் கீழே.

வீடியோவில் கை இறங்கும் பாதியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். தூக்கும்போது மறைந்திருப்பது இறக்கும்போது வெளியே வரும். உள் ஓரமோ கீழ் முனையோ முதுகிலிருந்து எழும்புகிறதா? பாதி வழியில் தடக்கென்று ஒரு குதிப்பு இருக்கிறதா? ஒரு பக்கம் தோள் சீக்கிரமே காதுக்குப் போகிறதா? எடை இல்லாமலும் ஒரு முறை எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு பக்கமும் கொஞ்சம் வேறு மாதிரி அசைவது மிகச் சாதாரணம். வலியே இல்லாத பலருக்கும், அதிலும் ஒரே கையால் எறிகிற, அடிக்கிற விளையாட்டுக்காரர்களுக்கு, இந்த வித்தியாசம் இருக்கிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம். வலியோ பலவீனமோ சேர்ந்து இருந்தால்தான் அந்த அசைவுக்கு அர்த்தம் தேட வேண்டும்.

படி 5: எந்தத் தூக்குக்கு எந்தக் குறிப்பு

தலைக்கு மேல் தள்ளும்போது தோள்பட்டை எலும்பை விடுவியுங்கள். முழங்கைகள் உடலுக்கு நேர் பக்கத்தில் இல்லாமல் சற்று முன்னால் இருக்கட்டும். எடை நெற்றியைத் தாண்டியதும் கையோடு சேர்த்துத் தோளும் மேலே எழும்பட்டும், உச்சியில் கூரையைத் தொட எட்டுவது மாதிரி. லேசாகத் தோளைக் குலுக்குவது போல இருக்கும், இருக்கலாம், தப்பில்லை. கழுத்து விறைக்கும் அளவுக்கு ஆரம்பத்திலேயே காதோடு ஒட்டுவதுதான் வேண்டாம்.

பென்ச் பிரஸ் வேறு கதை. பெஞ்சு முதுகை அழுத்திக்கொண்டிருப்பதால் தோள்பட்டை எலும்பு எப்படியும் தாராளமாக நகராது. இரண்டு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பியான பார்பெல் கனமாக மார்புக்கு மேல் இருக்கும்போது நிலையான தளம் தேவை, அதனால் இரண்டு எலும்பையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது இங்கே சரி. ஆனால் இதை மட்டுமே வருடக்கணக்கில் செய்தால் செரட்டஸுக்கு வேலையே கிடைக்காது. ஈடாகப் புஷ்-அப் செய்யுங்கள். அதில் எலும்பு சுதந்திரமாக விலாவைச் சுற்றி ஓடும். கை நேரான பிறகும் தரையை இன்னும் ஓர் அங்குலம் தள்ளி மேல் முதுகைச் சற்று மேலே உயர்த்தினால் செரட்டஸ் முழுதாக வேலை செய்யும்.

தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டிலும், இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டு நடக்கும்போதும் சுமை கையைக் கீழே இழுக்கிறது. தோள்பட்டை எலும்பு கீழே இறங்கிச் சரியப் பார்க்கும். டிரபீசியஸ் அதைத் தாங்க வேண்டும். எலும்புகளைப் பின்னால் ஒட்டவைக்க முயல வேண்டாம், கனம் கூடினால் அது முடியவும் முடியாது. தோளைத் தொங்கவிடாமல், நெஞ்சு நிமிர்ந்து, அக்குளை இறுக்கினால் போதும்.

இழுக்கும் பயிற்சிகளில், எடையை உடலை நோக்கி இழுக்கும் ரோயிங்கோ கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப்போ எதுவானாலும், தோள்பட்டை எலும்பு முழுத் தூரமும் போய் வரட்டும். ரோயிங்கில் கை நீளும்போது எலும்பு முன்னால் போகட்டும், இழுக்கும்போது பின்னால் வரட்டும். கம்பியில் தொங்கும்போது அது மேல்நோக்கிச் சுழன்றுதான் இருக்கும். முதலில் தோளைக் கீழே இழுத்து, அப்புறம் முழங்கையை மடக்குங்கள்.

படி 6: சுமையை எப்படிக் கூட்டுவது

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். சுவரில் முன்கைகளை வைத்து மேலே வழுக்கிக்கொண்டு போவது, பிறகு மேலே சொன்ன புஷ்-அப், பிறகு 30 டிகிரி முன்னால் லேசான டம்பெல் தூக்குவது, பிறகு பார்பெல்லின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைச் சாய்வாகத் தள்ளுவது, கடைசியாக நேர் ஓவர்ஹெட் பிரஸ். தலைக்கு மேல் தள்ளினால் வலிக்கிறது என்பவர்களுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சாய்வுத் தள்ளல் பெரிய உதவி, ஏனென்றால் கை முழு உயரத்துக்குப் போகாமலேயே தோள்பட்டை எலும்பு எடையோடு சுழலப் பழகிவிடும்.

8 முதல் 12 முறை செய்வது ஒரு செட், அப்படி இரண்டு மூன்று செட். எடை கூட்டலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கடைசி முறை முதல் முறை மாதிரியே தெரிகிறதா, அதுவும் இறக்கும்போது? தெரிந்தால் அடுத்த நாள் பயிற்சியில் மிகச்சிறிய அளவு கூட்டுங்கள். கை நீட்டித் தூக்கும் பயிற்சியில் அரை கிலோகூடப் பெரிய உயர்வு என்பது படி 3இன் கணக்கிலேயே தெரியும். அரை கிலோத் தட்டு கிடைக்கவில்லை என்றால் எடையைக் கூட்டாமல் முறைகளைக் கூட்டுங்கள்.

படி 7: வலி வந்தால்

தோளைத் தூக்கும்போது மேலே இருக்கும் எலும்பு முனை தசைநாரை நசுக்குகிறது, அதைச் செதுக்கினால்தான் வலி போகும் என்ற விளக்கம் பல வருடங்கள் கோலோச்சியது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், எலும்பைச் செதுக்கியவர்களையும், உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் அகற்றாமல் மூடியவர்களையும் ஒப்பிட்டார்கள். இருவருக்கும் இடையே பொருட்படுத்தும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆகவே கை தூக்கினால் வலிக்கிறது என்றதும் உள்ளே ஏதோ உரசித் தேய்கிறது என்று பயந்து கையை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம். சுமையைக் குறையுங்கள், தூரத்தைக் குறையுங்கள், கோணத்தை மாற்றுங்கள், ஆனால் அசைவை நிறுத்தாதீர்கள். பயிற்சியின்போது லேசான வலி வந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். இரவில் கூடினாலோ நாளுக்கு நாள் ஏறினாலோ ஒரு படி இறங்குங்கள்.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. விழுந்த பிறகோ கனமாக ஏதோ இழுத்த பிறகோ திடீரென்று கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். தோள்பட்டை எலும்பு புதிதாக, தெளிவாக, இறக்கை போல எழும்பி நின்றால் செரட்டஸுக்கோ டிரபீசியஸுக்கோ போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அதைப் பயிற்சியால் நாமே சரிசெய்யப் பார்ப்பது வீண். கையில் மரத்துப்போதல், தோளின் வடிவமே மாறித் தெரிவது, காய்ச்சலோடு சேர்ந்த தோள் வலி, இவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோள் வலியோடு நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வியர்வையோ வந்தால் அது தோள் விஷயம் என்று நினைக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.